பால் கணக்கு காலண்டரில் எழுதிய எண்கள்: மாதவிடாய்க்கு முந்தைய தொல்லை, ஒரு நிகழ்வு ஆய்வு

இந்தப் பெண்ணை நான் முதலில் பார்த்தது ஒரு மார்ச் மாதத்து மாலையில். வயது 34. திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவு சூப்பர்வைசர். கணவர் வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 7. மாமியார் கூடவே இருக்கிறார். இரண்டாவது பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகிவிட்டது. (அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக விவரங்களை மாற்றியிருக்கிறேன். இதே தொல்லையோடு வந்த வேறு சிலருடைய விவரங்களும் கலந்திருக்கின்றன. மருத்துவ விஷயத்தில் கை வைக்கவில்லை.)

வந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான். "தைராய்டு டெஸ்ட் எழுதிக் குடுங்க மேடம்."

கையில் ஒரு ஜவுளிக்கடை கவர். அதற்குள் இரண்டு வருடத்துக் காகிதங்கள். தைராய்டு மூன்று முறை பார்த்திருக்கிறார்கள், மூன்றும் சரியாகவே இருந்தன. வயிற்று ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஒரு ஹார்மோன் பரிசோதனை, அதிலும் ஒன்றுமில்லை. ஹீமோகுளோபின் மட்டும் 9.8; அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. மாத்திரைகளையும் கொண்டுவந்திருந்தார். ஈவினிங் பிரிம்ரோஸ் ஆயில் கேப்சூல், ஒரு பி-காம்ப்ளக்ஸ், அப்புறம் ஒரு மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிய அல்பிரசோலாம் 0.25 என்ற பதற்ற மாத்திரை. கடைசியாகச் சொன்னது சீட்டில்லாமல் கொடுக்கவே கூடாத மாத்திரை. மாதத்தில் ஆறேழு ராத்திரி அதைப் போட்டுக்கொண்டுதான் தூங்கியிருக்கிறார்.

தலைவலி, உடம்பு வலி, தூக்கமின்மை என்று சொல்லிக்கொண்டே வந்தவர், நான் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்ததும் விஷயத்துக்கு வந்தார். போன வாரம் ஷிப்மென்ட் நாள். ஒரு பெண் கறை பட்ட பீஸைக் கவனிக்காமல் பாஸ் செய்துவிட்டாள். இவர் கத்திய கத்தலில் தையல் லைனே நின்றுவிட்டது. பீஸ் கட்டைத் தூக்கித் தரையில் வீசிவிட்டு, வேலையை விடுகிறேன் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். ஒரு வருடத்தில் இது மூன்றாவது முறை. ஒவ்வொரு தடவையும் பத்து நாள் கழித்து மேனேஜர் போன் செய்வார், இவர் தலையைக் குனிந்துகொண்டு திரும்பப் போவார்.

"போன வாரம் கத்தினது நான்தானான்னு எனக்கே சந்தேகமா இருக்குங்க மேடம்."

இதில் "போன வாரம்" என்ற சொல்தான் என் காதில் விழுந்தது. கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தீர்கள் என்று கேட்டேன். கத்திய நாளுக்கு மூன்றாம் நாள்.

கேள்வி கேட்பதற்கு வார்த்தை இல்லை

தமிழில் மாதவிடாய்க்குப் பெயர் ஏராளம். தீட்டு, தூரம், வீட்டுக்கு விலக்கு, மூணு நாள், தலைக்குக் குளிக்கிறது, இப்போது பீரியட்ஸ். அத்தனையும் ரத்தப்போக்கு நாட்களுக்கானவை. அதற்கு முந்தைய வாரத்துக்குப் பேச்சு வழக்கில் ஒரு பெயரை நான் இதுவரை கேட்டதில்லை. பெயர் இல்லாத ஒன்றை யார் கணக்கில் வைப்பார்கள்? அந்த வாரத்தில் நடப்பதெல்லாம் அந்தப் பெண்ணின் சுபாவமாகிவிடுகிறது. "அவ குணமே அப்படித்தான்" என்று பதினைந்து வருடம் ஓடிவிடும்.

மருத்துவத்திலும் இது பழைய பெயர் இல்லை. நியூயார்க்கில் ராபர்ட் ஃபிராங்க் என்ற மகப்பேறு மருத்துவர் 1931இல் மாதவிடாய்க்கு முந்தைய இறுக்கம் என்று எழுதினார். இங்கிலாந்தில் ரேமண்ட் கிரீன், கேதரினா டால்டன் இருவரும் 1953இல் எழுதிய கட்டுரையில்தான் இன்று எல்லோரும் பிஎம்எஸ் (பிரிமென்ஸ்ட்ருவல் சிண்ட்ரோம்) என்று சொல்லும் பெயர் வந்தது. இறுக்கம் மட்டுமில்லை, தலைவலியும் வீக்கமும் ஆஸ்துமாவும்கூட அந்த நாட்களில் கூடுகின்றன என்பது அவர்கள் வாதம். டால்டன் இதற்குப் புரோஜெஸ்டிரோன் மருந்தைத்தான் வாழ்நாள் முழுக்கப் பரிந்துரைத்தார். பிந்தைய ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. நோயைச் சரியாகப் பார்த்தவர் மருந்தில் தவறியது மருத்துவ வரலாற்றில் புதிதில்லை.

இந்தப் பெண்ணின் வீட்டில் மூன்று விளக்கங்கள் இருந்தன. கணவரைக் கேட்டால் கோபக்காரி. அவரையே கேட்டால் தைராய்டு. மாமியார் சொன்னது சந்திராஷ்டமம். அதிலும் அந்த அம்மா சும்மா சொல்லவில்லை. கார்த்திகை மாதத்திலிருந்து தினசரி காலண்டரைப் பார்த்துக்கொண்டே வருகிறார். மருமகளுடைய நட்சத்திரத்துக்குச் சந்திராஷ்டமம் என்று போட்டிருக்கும் நாளை ஒட்டித்தான் ஒவ்வொரு மாதமும் வீட்டில் சண்டை வருகிறதாம்.

நான் சிரிக்கவில்லை. இந்தக் கோபம் மாதத்துக்கு ஒரு முறை, ஒரு கணக்கோடு வருகிறது என்று அந்த வீட்டில் கண்டுபிடித்தவர் அவர் ஒருவர்தான். இரண்டு வருடமாகப் பரிசோதனை எழுதிய யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

ரத்தத்தில் ஏன் தெரிவதில்லை

ஹார்மோன் டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடும் என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். தெரியாது. அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 14 நாள் முன்னால் கருமுட்டை வெளியேறுகிறது. முட்டை இருந்த இடம் கார்பஸ் லூட்டியம் என்ற மஞ்சள் திசுவாக மாறிப் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. கரு தங்காவிட்டால் அந்தத் திசு சுருங்கி, சுரப்பு விழுந்து, ரத்தப்போக்கு வருகிறது. இது எல்லாப் பெண்களுக்கும் பொது. தொல்லை உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ரத்த அளவில் வித்தியாசம் காண முடியாது.

வித்தியாசம் மூளை அதை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதில் இருக்கிறது. 1998இல் அமெரிக்காவில் பீட்டர் ஷ்மிட் குழுவினர் செய்த ஒரு சோதனை இதை அழகாகக் காட்டியது. ஊசி போட்டுச் சினைப்பையின் வேலையை நிறுத்தினார்கள். தொல்லை இருந்த பெண்களில் பலருக்கு அது குறைந்தது. பிறகு ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரோனையும் தனித்தனியாகத் திருப்பிக் கொடுத்தார்கள். குறைந்தவர்களுக்குத் தொல்லை திரும்ப வந்தது. அதே ஊசியும் அதே ஹார்மோனும் பெற்ற, முன்பு தொல்லையே இல்லாத பெண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே உப்பு, ஒருவருக்குக் கரிக்கிறது, இன்னொருவருக்குத் தெரிவதேயில்லை என்று இவரிடம் சொன்னேன்.

புரோஜெஸ்டிரோன் உடைந்து உண்டாகும் அலோபிரெக்னனலோன் என்ற பொருள் மூளையில் காபா என்கிற அமைதிப்படுத்தும் அமைப்பின் மேல் வேலை செய்கிறது. பெரும்பாலோருக்கு அது சாந்தம் தரும். சிலருக்கு நேர்மாறாகப் படபடப்பும் எரிச்சலும் வருகிறது. செரோடோனின் என்ற மூளை ரசாயனமும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது. மருந்து பற்றிச் சொல்லும்போது அதற்கு வருகிறேன்.

ஆகவே இதற்குப் பரிசோதனைக் கூடம் கிடையாது. இருக்கும் ஒரே பரிசோதனை தேதி எழுதுவது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட ஐந்தாம் கையேட்டில் இதன் கடுமையான வடிவத்தை, அதாவது பிஎம்டிடியை, தனி நோயாகச் சேர்த்தபோது போட்ட நிபந்தனையும் இதுதான். 11 அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். திடீர் மனமாற்றம், எரிச்சல், சோர்ந்த மனம், பதற்றம் ஆகிய நான்கில் ஒன்றாவது அதில் இருந்தாக வேண்டும். மாதவிடாய் வந்த சில நாளில் குறைந்து, அதற்கடுத்த வாரத்தில் அநேகமாக இல்லாமல் போக வேண்டும். வேலையோ வீடோ பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குறைந்தது இரண்டு சுழற்சிக்கு அன்றன்றைக்கு எழுதிய குறிப்பு வேண்டும். நினைவிலிருந்து சொல்வது போதாது.

ஏன் போதாது என்பதற்கு இவரே உதாரணம். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஆறு மாதத்தில் நான்கு முறை வெளியேறியிருந்தார். நான்குமே தலைக்குக் குளிப்பதற்கு முந்தைய வாரத்தில்தான் என்று அடித்துச் சொன்னார். போனை எடுத்துத் தேதி பார்த்தோம். மாதவிடாய் தேதிகளைப் பொங்கல், தைப்பூசம் என்று விசேஷங்களை வைத்து நினைவிலிருந்து எடுத்தார். கோயிலுக்குப் போக முடியாத விசேஷம் யாருக்கும் மறப்பதில்லை. மூன்றுதான் பொருந்தியது. நான்காவது, சுழற்சியின் எட்டாம் நாள், அதாவது ரத்தம் வந்த நாளிலிருந்து எண்ணினால் எட்டு. அன்றைக்கு ஓர் உறவினர் இவர் பெண்ணைப் பற்றி ஏதோ தப்பாக எழுதியிருக்கிறார். அந்தக் கோபத்துக்கு ஹார்மோன் தேவையில்லை, நானாக இருந்தாலும் வெளியேறியிருப்பேன்.

பால் கணக்கோடு சேர்ந்த கணக்கு

தினமும் நிரப்பும் முறையான படிவம் ஒன்று இருக்கிறது. இருபதுக்கும் மேற்பட்ட கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண். அச்சடித்துக் கொடுத்தேன். இரண்டு நாளில் நின்றுபோனது. காலை எட்டரைக்கு வேலைக்குப் போய் ராத்திரி எட்டரைக்கு வருகிறவரிடம் இருபது கேள்வி கேட்டால் அப்படித்தான் ஆகும், தப்பு என்னுடையது.

வீட்டில் என்ன தினமும் எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். பால் கணக்கு. சமையலறைக் கதவில் மாதக் காலண்டர் தொங்குகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று எழுதுவார், கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியும் அதில்தான். சரி, அதே கட்டத்தின் கீழ் மூலையில் நான்கு எண் எழுதுங்கள் என்றேன். எரிச்சல், அழுகை, உடம்பு மூன்றுக்கும் 1 முதல் 6. நான்காவது, முந்தின ராத்திரி தூங்கிய மணி. ரத்தப்போக்கு நாளில் ஒரு வட்டம். நாள் கிழிக்கும் காலண்டர் இதற்கு ஆகாது, எழுதியதெல்லாம் குப்பைக்குப் போய்விடும்.

ஏப்ரல், மே இரண்டு மாதமும் ஒரு நாள் விடாமல் எழுதினார். முதல் சுழற்சி 29 நாள். நான்காம் நாளிலிருந்து பத்தொன்பதாம் நாள் வரை எரிச்சல் பெரும்பாலும் 1, 2. இருபத்தொன்றாம் நாள் 4. அதற்குப் பிறகு 5, 6, 6, 5, 6. ரத்தம் வந்த இரண்டாம் நாள் சடாரென்று 2. அழுகையும் அதே வழியில் ஏறி இறங்கியது. உடம்புக் கட்டத்தில் மார்பு வலியும் வயிற்று உப்புசமும் ஓரிரு நாள் பிந்தி ஏறின. இரண்டாவது சுழற்சி 28 நாள். கிட்டத்தட்ட அதே படம்.

காலண்டர் இரண்டு புதிய விஷயங்களையும் சொன்னது. இரண்டாவது மாதம் பத்தாம், பதினோராம் நாளில் எரிச்சல் 5. மாதத்தின் நல்ல பாதியில் இது இருக்கக் கூடாதே என்று நான்காவது எண்ணைப் பார்த்தால், தூக்கம் நான்கு மணி, மூன்றரை மணி. ஷிப்மென்ட் ஓவர்டைம். அதாவது தூக்கம் கெட்டால் இவருக்கு எந்த நாளும் கெட்ட நாள்தான். இன்னொன்று தலைவலி. அதைக் கட்டத்தின் ஓரத்தில் தனியாகக் குறித்திருந்தார். அது கெட்ட வாரத்தில் வரவில்லை. ரத்தம் வந்த முதல் நாளும் இரண்டாம் நாளும் வந்தது. ஈஸ்ட்ரோஜன் சரிவை ஒட்டி வரும் ஒற்றைத் தலைவலி அது. மாதவிடாய்க்கு முந்தைய தொல்லையில் அதைச் சேர்க்கக் கூடாது, வைத்தியமும் வேறு.

எரிச்சல், திடீர் மனமாற்றம், சோர்ந்த மனம், தூக்கக் கேடு, இனிப்பைத் தேடித் தின்பது, உடல் உபாதை. ஆறு ஆயிற்று. மூன்று முறை ராஜினாமா. பிஎம்எஸ் என்று சொல்லி நிறுத்திவிட முடியாது. பிஎம்டிடி என்று எழுதினேன்.

கேட்டே ஆக வேண்டிய ஒன்றையும் கேட்டேன். கெட்ட வாரத்தில் சாக வேண்டும் என்று தோன்றியிருக்கிறதா? கொஞ்ச நேரம் பேசவில்லை. "காலைல எந்திரிக்காமப் போயிட்டா நல்லதுன்னு தோணும். ரத்தம் வந்துட்டா ஏன் அப்படி நெனச்சேன்னு இருக்கும்." திட்டம் எதுவும் இல்லை, முயன்றதும் இல்லை. இருந்தாலும் அந்த வாரத்தில் அப்படித் தோன்றினால் யாரிடம் சொல்வது என்று பேசி வைத்துக்கொண்டோம். அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண் 14416ஐ அவர் போனில் பதிந்தோம். இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. இந்தக் கேள்வியைக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்படுகிற மருத்துவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கேட்டதில் அவர் முகத்தில் தெரிந்தது நிம்மதிதான்.

வைத்தியம்: முதலில் செய்ததும் நிறுத்தியதும்

இரண்டு மாதம் எழுதச் சொன்னதற்காகக் கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்தேன், தரைமட்டம். இரும்புச்சத்து மாத்திரை அப்போதே ஆரம்பித்தாயிற்று. நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. களைப்பை ஹார்மோன் மேல் போடுவதற்கு முன்னால் இதைப் பார்த்துவிட வேண்டும். டீயோடு மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தார், அதை நிறுத்தச் சொன்னேன். டீ இரும்பை உடம்பில் சேரவிடாது.

அல்பிரசோலாமை நிறுத்தினோம். மாதத்தில் ஆறேழு நாள்தான் என்பதால் சிரமம் இல்லை, தினமும் போட்டுப் பழகியவராக இருந்தால் மெல்ல மெல்லத்தான் குறைத்திருக்க வேண்டும். ஈவினிங் பிரிம்ரோஸையும் விடச் சொன்னேன். மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை விட அது மேல் என்று நல்ல ஆய்வுகள் காட்டவில்லை. விலையோ குறைவில்லை. பி6 விட்டமின் கொஞ்சம் பலன் தரலாம், ஆனால் நாளைக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சத்து மாத்திரைதானே என்று அதிக அளவில் மாதக்கணக்கில் விழுங்கினால் நரம்பு கெட்டுப் பாதம் மரத்துப்போகும்.

ஜூன், ஜூலை இரண்டு மாதம் கால்சியம். 1998இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 466 பெண்களுக்குத் தினம் 1,200 மில்லிகிராம் கால்சியமோ வெற்று மாத்திரையோ கொடுத்தார்கள். மூன்றாவது சுழற்சியில் கால்சியம் குழுவுக்குத் தொல்லை 48 சதவீதம் குறைந்தது. வெற்று மாத்திரைக் குழுவுக்கு 30 சதவீதம்! எதைக் குடித்தாலும் கொஞ்சம் குறையும் நோய் இது; வீடியோக்களில் விற்கும் பொடிகளுக்கெல்லாம் நல்ல பெயர் வருவதன் ரகசியமும் அதுதான். ராகி 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. காலையில் களியோ கூழோ, ராத்திரி பால், மீதிக்கு மாத்திரை. இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் சேர்த்துப் போட்டால் ஒன்றை ஒன்று தடுக்கும், அதனால் ஒன்று காலை, ஒன்று இரவு.

அவரோடு வேலை செய்பவர் ஒருவர் நொச்சிக் கஷாயம் குடிக்கச் சொன்னாராம். நொச்சிக்கு ஐரோப்பாவில் ஒரு சொந்தக்காரச் செடி உண்டு. அதன் பழத்திலிருந்து செய்த மாத்திரையை ஜெர்மனியில் 170 பெண்களிடம் சோதித்து 2001இல் எழுதினார்கள். மாத்திரை எடுத்தவர்களில் 52 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 24 சதவீதம் பேருக்கும் பாதியாவது குறைந்தது. ஆனால் அது வேறு செடி, அதன் பழம். நம் வேலியோர நொச்சி இலைக் கஷாயம் அதற்குப் பதிலாகாது என்று சொல்லிவிட்டேன். ஆவி பிடிக்க வைத்துக்கொள்ளட்டும்.

உடற்பயிற்சி பற்றிப் புத்தகத்தில் இருப்பதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்கிறவரிடம் தினமும் அரை மணி நடங்கள் என்று எப்படிச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை மட்டும் மகளோடு நடப்பதாக அவரே சொன்னார். தூக்கத்தைத்தான் பிடித்துக்கொண்டேன். கெட்ட வாரத்தில் ஓவர்டைம் வேண்டாம், முடிந்தால் அதை முதல் இரண்டு வாரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பாதி முடிந்தது.

ஜூலைக் கடைசியில் களைப்பும் மார்பு வலியும் நன்றாகக் குறைந்திருந்தன. எரிச்சல் 6இலிருந்து 5க்கும் 4க்கும் வந்திருந்தது. அவருக்கு அது போதவில்லை. எனக்கும்தான்.

மாத்திரையின் பெயரும் பயமும்

இந்த இடத்தில் இரண்டு வழி. ஒன்று, டிராஸ்பிரினோனும் ஈஸ்ட்ரோஜனும் கலந்த கருத்தடை மாத்திரை. கருமுட்டை வெளியேறுவதையே நிறுத்தி வைக்கும். இவருக்கு அது ஆகாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் தலைவலிக்கு முன்பு கண்ணில் பல்சக்கரம் போல வெளிச்சம் ஓடியதாகச் சொல்லியிருந்தார். அப்படிப்பட்ட ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை பக்கவாத அபாயத்தைக் கூட்டும். கேட்காமல் எழுதியிருந்தால் பெரிய வம்பாகியிருக்கும்.

இன்னொன்று செரோடோனின் மேல் வேலை செய்யும் மருந்துகள். ஃப்ளுவாக்ஸெட்டின், செர்ட்ராலின் வகை. மனச்சோர்வு நோய்க்கு இவை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். மாதவிடாய்க்கு முந்தைய தொல்லைக்குச் சில நாளிலேயே பலன் தெரியும். அதனால் மாதம் முழுக்கப் போட வேண்டியதில்லை, பின்பாதி இரண்டு வாரம் மட்டும் போட்டாலும் போதும். ஏன் இவ்வளவு வேகம் என்பதற்கு, மூளையில் அலோபிரெக்னனலோன் உண்டாவதை இந்த மருந்துகள் மாற்றுகின்றன என்பது ஒரு விளக்கம்.

செர்ட்ராலின் என்றதும் கணவர் போனில் தேடிவிட்டார். "இது மெண்டல் மாத்திரைங்களே மேடம்?" நான் சொன்ன பதில் இவ்வளவுதான். மூளையில் நடக்கிற விஷயத்துக்கு மூளையில் வேலை செய்கிற மாத்திரை. பழக்கமாகிவிடும் என்று நீங்கள் பயப்பட வேண்டிய மாத்திரை ஏற்கெனவே இவர் போட்டுக்கொண்டிருந்தது, அதை நிறுத்திவிட்டோம். பெண்தான் முடிவெடுத்தார். "நாலாவது தடவை ராஜினாமா எழுதினா திரும்பக் கூப்பிட மாட்டாங்க மாமா."

நான் பொது மருத்துவர். ஒரு மனநல மருத்துவரிடம் கலந்துகொண்டுதான் ஆரம்பித்தேன். இவருக்கோ குடும்பத்திலோ மனம் அளவுக்கு மீறி உச்சத்தில் போகும் நோய் இருந்ததா என்று முதலில் விசாரித்தோம். இருந்தால் இந்த மருந்து அதைக் கிளறிவிடக் கூடும். இல்லை. செர்ட்ராலின் 50 மில்லிகிராம், சுழற்சியின் பதினான்காம் நாளிலிருந்து ரத்தம் வரும் நாள் வரை, காலைச் சாப்பாட்டுக்குப் பின். முதல் மூன்று நாள் குமட்டல் வரும், தாம்பத்திய விருப்பம் குறையலாம் என்று இருவரிடமும் சொல்லி வைத்தேன். குமட்டல் வந்தது, போனது.

ஆகஸ்ட் மாதக் காலண்டரில் கெட்ட வாரத்து எரிச்சல் 3, 2, 3, 3, 2. செப்டம்பரிலும் அதே மாதிரி. தீபாவளி போனஸ் நெருக்கடியில் ஐந்து நாள் தாமதமாக ஆரம்பித்தார். அந்த மாதம் இரண்டு நாள் 5 வந்து, பிறகு இறங்கியது. ராஜினாமா இல்லை.

காலண்டரைக் கையில் எடுத்தவர்கள்

மருந்தால் தீராத ஒன்று நடுவில் வந்தது. விஷயம் புரிந்ததும் கணவர் அதை ஆயுதமாக்கிக்கொண்டார். என்ன பேசினாலும் "தேதி பார்த்தியா?" ஒரு நாள் நண்பருக்கு முப்பதாயிரம் கைமாற்றுக் கொடுத்துவிட்டு வீட்டில் சொல்லாமல் இருந்திருக்கிறார். இவர் கேட்டதும், "உனக்கு அந்த வாரம், அப்புறம் பேசலாம்" என்றாராம். இவர் சமையலறைக் கதவிலிருந்து காலண்டரைக் கழற்றி வந்து முன்னால் வைத்தார். ஒன்பதாம் நாள். எரிச்சல் 1, தூக்கம் ஏழு மணி. "இப்ப சொல்லுங்க மாமா, யாருக்கு எந்த வாரம்?"

கெட்ட வாரத்துக் கோபத்துக்கும் பெரும்பாலும் நிஜக் காரணம் இருக்கும் என்பதைக் கணவரைத் தனியாக உட்காரவைத்துப் பேசினேன். கறை பட்ட பீஸ் உண்மையிலேயே கறை பட்டதுதான். சத்தம்தான் கூடிப்போகிறது. அந்த வாரத்தில் பெரிய முடிவு எடுக்க வேண்டாம், பேச்சைத் தள்ளிப்போடலாம், ஆனால் தள்ளிப்போட்டதை அடுத்த வாரம் கட்டாயம் பேச வேண்டும் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். தள்ளிப்போட்டதைக் குறிக்கக் காலண்டரில் ஒரு பெருக்கல் குறி போடுகிறார்கள். கைமாற்று விவகாரம் இன்னும் முடியவில்லை என்று கேள்வி.

மாமியாருடைய சந்திராஷ்டமம் என்ன ஆயிற்று? சந்திரன் ராசி மண்டலத்தை ஒரு சுற்று சுற்ற 27.3 நாள். சந்திராஷ்டமம் அந்தக் கணக்கில் வரும், ஒவ்வொரு தடவையும் இரண்டேகால் நாள் இருக்கும். இவருடைய சுழற்சி 28, 29 நாள். இரண்டும் மாதத்துக்கு ஏறத்தாழ ஒன்றேகால் நாள்தான் விலகும். அதனால் கார்த்திகையிலிருந்து சித்திரை வரை சந்திராஷ்டமம் கெட்ட வாரத்துக்குள்ளேயே விழுந்திருக்கிறது. அந்த அம்மா பார்த்தது பொய்யில்லை. ஆனால் ஆடியில், செர்ட்ராலின் ஆரம்பிக்கும் முன்பே, அது மாதவிடாய்க்குப் பத்து நாளுக்கு மேல் முன்னால் நகர்ந்துவிட்டது. அன்றைக்கு எரிச்சல் 2. அது முடிந்து ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் கெட்ட வாரமே ஆரம்பித்தது. "சந்திராஷ்டமம் போயும் ஏனுங்க இப்படி?" என்று அவரே என்னிடம் கேட்டார். இரண்டு காலண்டரையும் பக்கத்தில் வைத்து விரலால் எண்ணிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அப்ப ரெண்டுமே இருக்குதுங்க" என்று முடித்துக்கொண்டார். மாத்திரை ஆரம்பிக்கும் தேதியை மாதாமாதம் ஞாபகப்படுத்துகிறவர் அவர்தான்.

கடைசியாக டிசம்பரில் வந்தபோது ஹீமோகுளோபின் 12.1. ரத்தம் வரும் முதல் நாள் தலைவலி மட்டும் இன்னும் விடவில்லை. அதற்கு நாப்ராக்ஸன் என்ற வலி மாத்திரை சேர்த்து இரண்டு மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறோம். செர்ட்ராலினை எப்போது நிறுத்துவது என்று கேட்டார். ஒரு வருடம் ஓடட்டும், நிறுத்திப் பார்ப்போம். பலருக்குத் திரும்ப வரும், வந்தால் மறுபடி ஆரம்பிக்கலாம் என்றேன். பெண்ணுக்கும் வருமா என்றார். குடும்பத்தில் ஓடும் தன்மை கொஞ்சம் உண்டு, வந்தால் முதல் வருடமே தெரிந்துகொள்வீர்கள் என்றேன்.

புது வருடத்துக் காலண்டர் பெரிய கட்டமாகப் பார்த்து வாங்கியிருக்கிறாராம். பால் கணக்கை வேறொன்றுக்கு மாற்றியாயிற்று.